வேனுக்குள் பேசி முடித்தது

நவம்பர் 12, செவ்வாய்

கருப்பண்ணன் சார் ஜனவரி முப்பத்தொன்றோடு ஓய்வு பெறுகிறார். காலைக் கூட்டத்தில் அவரே சொல்லிவிட்டு பிஸ்கெட்டை டீயில் தொட்டுக்கொண்டார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் முதலில் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் தண்டபாணியைப் பார்த்தார்கள். என்னைத்தான் முதலில் பார்த்தார்கள். எதற்கும் எழுதி வைக்கிறேன்.

பிளான்ட் ஹெட் பதவிக்கு இந்தக் கம்பெனியில் எங்கள் இரண்டு பேரை விட்டால் ஆள் கிடையாது. தண்டபாணி பர்ச்சேஸ் பார்க்கிறார். ஃபவுண்டரிக்குள் அவர் கால் வைப்பது வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு. நான் இருபத்தேழு வருடத்துக்கு முன் வார்ப்பு மண் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிப் பெண்ணாகச் சேர்ந்தவள். அப்போது ஃபவுண்டரிப் பக்கம் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை. ரோட்டைத் தாண்டி ஆபீஸ் கட்டடத்துக்கு ஓடுவேன். இன்றைக்கு ஃபவுண்டரியும் மெஷின் ஷாப்பும் என் கையில் இருக்கின்றன. நூறு வால்வு வார்த்தால் ஒன்பது வீணாகிக்கொண்டிருந்ததை மூன்றுக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்கு இந்தப் பதவி வேண்டும். சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன். நாளைக்கு எம்.டி.யிடமும் இப்படியே சொல்லப்போகிறேன்.

நவம்பர் 13, புதன்

சொன்னேன். நாச்சிமுத்து அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"கேக்கறதுல தப்பில்லீங்கம்மிணி. நீங்க கேக்கலீன்னாத்தான் எனக்கு வருத்தமா இருந்திருக்கும். மலைக்குப் போயிட்டு வந்து முடிவு பண்ணிக்கலாமுங்க."

இதைத்தான் எதிர்பார்த்தேன். இந்தக் கம்பெனியில் பெரிய முடிவு எதுவும் சபரிமலைக்கு முன்னால் வராது. குழுவுக்கு எம்.டி.தான் குருசாமி. பதினான்கு பேர் வேன். கார்த்திகை முதல் தேதி மாலை போடுவார்கள், நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து ஜனவரி முதல் வாரம் போய்விட்டு வருவார்கள். கருப்பண்ணன் சாருக்கு இந்தப் பதவி அந்த வேனில்தான் முடிவானது. மெயின்டனன்ஸ் முருகையனை மாற்றியதும் அங்கேதான். தண்டபாணி பதினொரு வருடமாக எம்.டி. சீட்டுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவர்.

எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. "அய்யா, எனக்கு அம்பத்திரண்டு ஆச்சுங்க. நானும் இந்த வருசம் மாலை போட்டுக்கறனே."

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "மலைக்கு வாங்க, தாராளமா. சாமி ஒண்ணும் சொல்லாதுங்க. ஆனா நம்ம வேன்ல முடியாதுங்கம்மிணி. பதினாலு ஆம்பளைங்க, வழியில ஆத்துல குளிப்பாங்க, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுப் படுத்துக் கெடப்பாங்க. உங்களுக்குத்தான் சங்கடம்." கொஞ்சம் யோசித்தார். "உங்க வீட்டுக்காரர அனுப்புங்களேன். சும்மாதான இருக்காரு. ஒரு சீட் காலியா இருக்குது."

ஆக, மலையில் எனக்கு இடம் இருக்கிறது, வேனில்தான் இல்லை. ஆனால் அந்தக் காலி சீட் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

நவம்பர் 14, வியாழன்

இவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. என் கணவர் தெய்வசிகாமணி, பெயரில் மட்டும்தான் தெய்வம். பஞ்சாலையில் விற்பனை மேலாளராக இருந்தவர். மில்லை மூடி நான்கு வருடம் ஆகிறது. காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் நான் எப்போது வருவேன் என்று கேட்டில் நிற்பது. எங்கே போனாலும் இவரை "அரசி மேடம் வீட்டுக்காரர்" என்கிறார்கள். மங்கையர்க்கரசி என்ற பெயரை நான் கேட்டு வாங்கவில்லை.

"உனக்கு வேலை வேணும்னா நான் எதுக்கு வெறுங்கால்ல நடக்கோணும்?" என்றார்.

"மூணு நாளு அத்தன பேரும் ஒண்ணா இருப்பாங்க. என் பேரு வந்தா நாலு நல்ல வார்த்தை சொல்ல ஒரு ஆளு வேணுமில்லீங்க. நான்தான் போக முடியல."

"அப்ப நான் உன்ற ஆளாட்டம் போறேன்."

"ஆமாங்க, என்ற ஆளுதான் நீங்க" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

நவம்பர் 16, சனி

மாலை போட்டுக்கொண்டார். கறுப்பு வேட்டி அவருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

விரதம் அவருக்கு, வேலை எனக்கு. நாலு மணிக்கு எழுந்து குளித்து, அடுப்பைத் துடைத்து, தனிப் பாத்திரத்தில் சமையல். அவர் குளித்துப் பூஜை முடிப்பதற்குள் இட்லி வெந்திருக்க வேண்டும். ஏழரைக்கு நான் ஃபவுண்டரியில் இருக்க வேண்டும். வெங்காயம் பூண்டு இல்லாமல் சாம்பார் வைத்து வைத்து எனக்கே நாக்கு செத்துவிட்டது.

பரவாயில்லை. ஒன்றரை மாதம்தானே. இருபத்தேழு வருடத்தோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 28, வியாழன்

தினமும் சாயங்காலம் எம்.டி. வீட்டில் பஜனை. இவர் ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறார். நான் வீட்டுக்கு வரும்போது கேட்டில் யாரும் இல்லை. முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது.

இவருக்கு நன்றாகப் பாட வருமாம். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எனக்குத் தெரியாத சங்கதி. "சிகாமணி சாமி பாடுனா கண்ணு கலங்குது" என்று எம்.டி. சொன்னாராம். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். டிரைவரும் சாமி, முதலாளியும் சாமி. இவர் அதைச் சொல்லும்போது முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது.

"என் விஷயம் ஏதாவது பேச்சு வந்துச்சுங்களா?"

"அங்க அதெல்லாம் பேசறதில்ல அரசி. சாமி விசயம் மட்டுந்தான்."

கொஞ்ச நேரம் கழித்து, சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "ஏப்ரல்ல புது ஃபர்னஸ் வருதாமே? ரெண்டு டன்னு."

ஃபவுண்டரி என் கையில் இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன். புது ஃபர்னஸ் வரும் சேதி எனக்கு இவர் சொல்லித்தான் தெரிகிறது.

ஒரு விதத்தில் நல்லதுதான். இவரை நம்பித்தானே பேசுகிறார்கள்.

டிசம்பர் 3, செவ்வாய்

வருடா வருடம் வரும் தலைவலி. மாலை போட்ட தொழிலாளர்கள் வெறுங்காலோடு உருக்குத் தளத்துக்கு வரக்கூடாது, பாதுகாப்பு ஷூ போடவேண்டும், முடியாதென்றால் விரதம் முடியும்வரை பேக்கிங்கில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் நான் போட்ட உத்தரவு. உருகிய இரும்பு விரதம் பார்க்காது. தொழிலாளர்கள் ஒரு பேச்சும் பேசாமல் பேக்கிங்குக்குப் போனார்கள். முணுமுணுத்தது மேலே இருந்தவர்கள்தான். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வீம்பு" என்று தண்டபாணி சொன்னது என் காதுக்கு வந்தது.

இன்று இவர் சொல்கிறார்: "அந்த ஷூ விசயம் உனக்குக் கெட்ட பேரு. விட்டுப் பிடிச்சிருக்கலாம்."

"ஒருத்தன் காலு வெந்து போனா அப்பத் தெரியும்" என்றேன்.

"இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் வெடுக்குன்னு" என்றார். இது அவர் வழக்கமாகப் பேசும் பேச்சு இல்லை. யாரோ பேசியதை எடுத்து வந்திருக்கிறார்.

ரிஸ்வானாவை ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கச் சொல்லிப் பரிந்துரை எழுதினேன். உலோக ஆய்வுக் கூடத்தில் இருக்கும் பெண், இருபத்தெட்டு வயது. உருக்கின் நிறத்தைப் பார்த்தே கலவையில் என்ன குறை என்று சொல்லிவிடுவாள். தண்டபாணி வாங்கிய மட்டமான ஸ்க்ராப்பை இரண்டு முறை பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். பெண் ஷிப்ட் இன்சார்ஜ் இந்தக் கம்பெனியில் இதுவரை கிடையாது. நான்கூட ஷிப்ட் பார்க்காமல் வளைந்து வளைந்து வந்தவள்தான். அவளாவது நேராக வரட்டும்.

டிசம்பர் 9, திங்கள்

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், வேனில் பேச்சு வந்தால் இவர் சொல்வதற்கு. ரிஜெக்‌ஷன் குறைந்தது, ஜெர்மன் கூட்டாளிகளின் ஆடிட்டில் நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லாதது, கொரோனா சமயத்தில் நான் பிளான்ட்டை விட்டு நகராதது. மொத்தம் ஆறு விஷயம். தேர்வுக்குப் படிக்கும் பையனைப் போல ஒரு தடவை வாய்விட்டு வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாத்தயும் சொல்லோணுமா?"

"மூணு சொன்னாப் போதுங்க."

டிசம்பர் 15, ஞாயிறு

எங்கள் வீட்டில் கன்னி பூஜை. முதல் தடவை மாலை போடுகிறவர் வீட்டில் மற்ற சாமிகளை எல்லாம் கூப்பிட்டு பூஜை செய்து சாப்பாடு போடவேண்டும். மற்ற பதிமூன்று பேரும் வந்தார்கள், குடும்பத்தோடு நாற்பது. எம்.டி. என் வீட்டு ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் நான் இருந்தது சமையற்கட்டில். வடை என் பொறுப்பு. தண்டபாணி மனைவி சுலோச்சனா பக்கத்தில் நின்று வாழை இலை துடைத்தாள்.

"உங்களுக்கென்னக்கா கவலை, அண்ணன்தான் தங்கமானவரா இருக்காரே. எங்க வீட்டுலயும் அவரப் பத்தித்தான் பேச்சு."

"என்ன பேச்சு?"

"அதாங்க்கா, எவ்வளவு பொறுமையின்னு. எத்தன ஆம்பளைங்க இப்படி இருப்பாங்க?"

ஹாலில் இவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எண்ணெய்ச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "...அவ வந்து சேரவே ஏழரை ஆயிடுங்க சாமி. நானும் நாயும்தான் கேட்டுல..." மறுபடி சிரிப்பு.

நான் எவ்வளவு நேரம் உழைக்கிறேன் என்பதைத்தான் அவர் பாணியில் சொல்லியிருக்கிறார். வேறெப்படிச் சொல்வது, தாளைப் பார்த்தா வாசிக்க முடியும்?

போகும்போது எம்.டி. கையெடுத்துக் கும்பிட்டார். "வடை பிரமாதமுங்கம்மிணி." ஆடிட் முடிந்தபோதுகூட அவர் இவ்வளவு மனம் நிறைந்து பாராட்டியது இல்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

புனேயிலிருந்து மகள் பேசினாள். "அப்பா குரலே மாறிப்போச்சும்மா, ரொம்ப ஜாலியா இருக்காரு. நீதான் என்னமோ மாதிரி பேசற" என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை, தூக்கம் போதவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

கிளம்பிவிட்டார்கள். இருமுடி கட்டும்போது மூன்று கை அரிசி போட்டேன். சாமியை மனசார வேண்டிக்கொண்டுதான் போட்டேன், ஆனால் வேண்டிக்கொண்டது பதவியைத்தான். தப்பா? பதினான்கு பேரில் பாதிப் பேர் அதைத்தான் வேண்டியிருப்பார்கள்.

வேனில் இவருக்குத் தண்டபாணி பக்கத்து சீட். ஜன்னல் வழியாகக் கை காட்டினார்.

வீட்டுக்கு வந்து துணிகளை ஊறப்போட எடுத்தபோது சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. நான் கொடுத்தபோது எப்படி மடித்தாரோ அப்படியே இருந்தது. மறந்துவிட்டிருப்பார். ஒரு மாதமாகிறது, இந்நேரம் மனப்பாடமாகி இருக்கும்.

ஜனவரி 4, சனி

ஃபோன் கிடைக்கவில்லை. ஃபவுண்டரியில் இன்று ஒரே ஒரு காஸ்டிங்தான் ரிஜெக்ட். யாரிடம் சொல்வது?

ஜனவரி 6, திங்கள்

வந்துவிட்டார். கால் இரண்டும் வெடித்துப்போயிருக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். அரவணைப் பாயச டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் என் வாயில் ஊட்டினார். கல்யாணமான புதிதில் ஊட்டியது.

"பேசினாங்களா?"

"பேசினாங்க."

"என்ன சொன்னாங்க?"

"எம்.டி. சொல்லுவாரு அரசி. நான் சொன்னா நல்லா இருக்காது."

எம்.டி. வாயால் நான் கேட்டால்தான் மதிப்பு என்று நினைக்கிறார் போலிருக்கிறது. நாளைக்கு அந்தப் பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன். வேண்டாம், அல்பமாகத் தெரியும்.

ஜனவரி 7, செவ்வாய்

தண்டபாணிதான் பிளான்ட் ஹெட்.

எம்.டி. என்னை உட்காரச் சொல்லி, இளநீர் வரவழைத்து, அப்புறம் சொன்னார். "உங்க பேரத்தானுங்கம்மிணி முதல்ல எடுத்தேன். எருமேலி தாண்டி நான்தான் எடுத்தேன். யாரும் வேண்டாம்னு சொல்லல, தண்டபாணிகூடச் சொல்லல. ஆனா உங்க வீட்டுக்காரரே அப்படிச் சொன்னப்புறம் நாங்க என்ன பண்றதுங்க? ஒரு குடும்பத்தக் கெடுத்து எனக்கு பிளான்ட் நடக்கோணுமா?"

"எப்படிச் சொன்னாருங்க?"

"அவரயே கேளுங்க. தங்கமான மனுசன். கண்ணுல தண்ணி வந்துருச்சு அவருக்கு. எனக்குந்தானுங்க."

நான் இளநீரைக் குடித்து முடித்தேன். அந்த ரூமில் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஃபவுண்டரிக்குப் போனேன், ஐந்து மணிவரை வேலை பார்த்தேன், இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பின்னால் நான் மாற்றி நினைத்துக்கொள்ளாமல் இருக்க.

"நீலிமலை ஏத்தத்துல எனக்கு மூச்சு வாங்கிருச்சு. எல்லாரும் மேல போயிட்டாங்க. எம்.டி. மட்டும் எனக்காக நின்னாரு. அவரு கையால தண்ணி குடுத்தாரு. தோள்ல கையப் போட்டுட்டு, 'சாமி, மனசத் தொட்டுச் சொல்லுங்க, அம்மிணி இந்தப் பதவிக்கு வந்தா உங்களுக்குச் சந்தோசமா'ன்னு கேட்டாரு. மாலையப் போட்டுட்டு, அந்த எடத்துல நின்னுட்டு என்னைப் பொய் சொல்லச் சொல்றயா?"

"என்ன சொன்னீங்க?"

"சந்தோசமில்லைன்னேன்."

"அவ்வளவுதானா?"

அவர் தரையைப் பார்த்தார். "அவளும் ஓஞ்சு போயிட்டாளுங்கன்னு சொன்னேன். போதும்னு அவளே சொல்லியிருக்கான்னேன்."

"நான் எப்பச் சொன்னேன்?"

"கொரோனாவுல. அந்தக் கிரேன் ஆப்பரேட்டர் செத்த அன்னிக்கு. வந்து இந்த நாற்காலில உக்காந்து, போதும் சாமி, போதும்னு அழுதயே."

அழுதேன். சொன்னேன். அடுத்த நாள் காலை ஏழரைக்கு வேலைக்கும் போனேன். அதையும் அங்கே சொன்னாரா என்று கேட்டேன். அதை அவர்கள் கேட்கவில்லையாம்.

அவருக்குச் சந்தோஷமா என்று கேட்டார்கள், எனக்கு விருப்பமில்லை என்று முடிவு செய்தார்கள். நான் எழுதிக் கொடுத்த ஆறு விஷயத்தில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. அவர்கள் கிளம்புமுன் நானே மறுபடி எம்.டி.யிடம் பேசியிருக்கலாம், தனியாக பஸ் பிடித்துப் பம்பைக்குப் போய் நின்றிருக்கலாம். அதை விட்டு என் வாயை அவரிடம் கொடுத்து அனுப்பினேன். இந்த முட்டாள்தனத்தை வேறு யாரும் எனக்குச் செய்யவில்லை, நானே செய்துகொண்டேன்.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவர் மேல் முழுதாக வரவில்லை என்பதுதான் அதைவிட ஆத்திரம். நான்கு வருடமாக ஒரு மனுஷன் கேட்டில் நின்றதை நான் பார்த்துக்கொண்டே வண்டியை உள்ளே விட்டிருக்கிறேன். ஒருத்தர் நின்று, தண்ணீர் கொடுத்து, உனக்குச் சந்தோஷமா என்று கேட்டதும் அவர் உருகிவிட்டார்.

ஜனவரி 9, வியாழன்

எச்.ஆர். மனோகரன் ஒரு கடிதத்தோடு வந்தார். மனோகரனும் வேன் ஆள்தான். ஜெர்மன் கூட்டாளிகள் கேட்கிறார்களாம், சீனியரான ஒரே பெண் அதிகாரியை விட்டுவிட்டு ஏன் வேறொருவர் என்று. எழுத்துபூர்வமாகப் பதில் வேண்டுமாம்.

கடிதத்தை அவரே அடித்து வைத்திருந்தார். "குடும்பச் சூழ்நிலை கருதி, என் சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, இப்பொறுப்பை ஏற்க இயலாமையைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

"நான் இப்படிச் சொல்லலீங்களே" என்றேன்.

"சார் சொல்லிட்டாருங்களே மேடம்."

"எந்த சார்?"

"உங்க சாருங்க."

கையெழுத்துப் போடாமல் எம்.டி.யிடம் போனேன். அவர் கோபப்படவே இல்லை. "போடலீன்னா பரவாயில்லீங்க. ஆனா அவங்க நேர்ல வந்து எல்லாரையும் விசாரிப்பாங்க. உங்க வீட்டுக்காரரு சொன்னது பொய்யின்னு ஆகும். மாலை போட்ட மனுசன், பாவம்." கொஞ்சம் விட்டுச் சொன்னார்: "அந்த லேப் பொண்ணுக்கு ஷிப்ட் இன்சார்ஜ் கேட்டிருந்தீங்களே. உடனே ஆர்டர் போட்டுடலாமுங்க. உங்க வார்த்தைக்கு மதிப்பில்லைன்னு யாரு சொன்னது?"

வீட்டுக்கு வந்தால் இவர். "என்னையப் பொய்யனாக்கிராத அரசி" என்றார். சாப்பிடவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன்.

ரிஸ்வானாவுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் பொய் இல்லை. அவள் வந்தால் ஒருத்தியாவது வந்தாள் என்று இருக்கும். ஆனால் பேனாவை எடுத்தபோது அவள் முகம் ஞாபகத்துக்கு வந்ததா என்றால், வரவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த இவர் முகம்தான் வந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பொங்கியது.

ஜனவரி 17, வெள்ளி

தண்டபாணி பெயர் அறிவிப்புப் பலகையில் வந்துவிட்டது. கேக் வெட்டினார்கள். "அக்காவோட ஆசீர்வாதம்" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கும்பிட்டார். இத்தனை வருடம் அவர் என்னை அக்கா என்றது இல்லை. நான் அவரைவிட ஒரு வயது இளையவள்.

சாயங்காலம் இவர் தயங்கித் தயங்கி ஒரு சேதி சொன்னார். பிப்ரவரியிலிருந்து டீலர்களைப் பார்த்துக்கொள்ள இவரை எடுத்துக்கொள்கிறார்களாம். வாரம் மூன்று நாள், கம்பெனி கார். தண்டபாணி யோசனையாம். மில்லில் இருந்த அனுபவம் வீணாகக் கூடாதாம்.

"எப்பச் சொன்னாங்க?" என்று கேட்க வாய் வரை வந்தது. மலைக்கு முன்னாலா, பின்னாலா. கேட்கவில்லை. கேட்டால் மாலை போடாத வாயால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார், அப்புறம் அதை நம்புவதா வேண்டாமா என்று நான் காலம் முழுக்கக் கிடக்க வேண்டும்.

"நல்லதுங்க" என்றேன். பேன்ட்டை இஸ்திரி போட எடுத்து வைத்தார்.

ஜனவரி 24, வெள்ளி

மத்தியானம் ரிஸ்வானா என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு கவர். ஷிப்ட் இன்சார்ஜ் ஆர்டர் திங்கட்கிழமையே அவளுக்குப் போய்விட்டது எனக்குத் தெரியும். ஒப்புதல் கடிதம் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து, துறைத் தலைவர் கையெழுத்துக்கு நான் பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன். இந்த மாதம் முழுக்க இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரவில்லை.

"வேண்டாம்னு எழுதியிருக்கேன் மேடம்" என்றாள்.

"யாரு வேண்டாம்னா?"

"வீட்டுலதான். மொதல்ல அத்தா சரின்னுதான் சொன்னாங்க. அப்புறம் மனோகரன் சார் அத்தாவுக்குப் போன் பண்ணிப் பேசினாராம். நைட் ஷிப்ட், ஆம்பளைங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு. கடைசில உங்க பேரையும் சொன்னாராம். அரசி மேடம் எவ்வளவு பெரிய ஆளு, அவங்களே வீட்டுக்காக பிளான்ட் ஹெட்டே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு. அத்தா அதையே புடிச்சுக்கிட்டாங்க. 'அவங்களை விட நீ பெரிய ஆளாடீ'ங்கறாங்க."

கடிதத்தை வாங்கிப் பிரித்தேன். குடும்பச் சூழ்நிலை கருதி. என் சொந்த விருப்பத்தின் பேரில். எவருடைய வற்புறுத்தலும் இன்றி.

"இது யாரு எழுதினது?"

"எனக்கு இந்த மாதிரி லெட்டர் எழுதத் தெரியலைன்னு சொன்னேன். எச்.ஆர்.ல உங்களுதையே மாதிரிக்குக் குடுத்தாங்க மேடம். பேரையும் பதவியையும் மட்டும் மாத்தினேன்."

அவள் அழவில்லை. என்னைக் குறை சொல்லவும் வரவில்லை. நான் பெருமைப்படுவேன் என்றுகூட ஒரு மூலையில் எதிர்பார்த்திருப்பாள் போலிருந்தது. பேனாவை மூடி வைத்தேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"நான் வேண்டாம்னு சொல்லவே இல்லை ரிஸ்வானா. யாருகிட்டயும் சொல்லலை. எனக்கு அது வேணும்னு நானே போய்க் கேட்டேன்."

அவள் என்னையும் கடிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"ஆனா லெட்டர்ல உங்க கையெழுத்துதான மேடம் இருக்கு?"